விட்ட வழக்கமும் மீளும் வழியும்

நல்ல வழக்கமொன்றைத் தொடங்குவது எப்படி என்று கூறுவதற்கு அறிவுரைகள் ஏராளம். தொடங்கியதை இடையறாது காப்பது எப்படி என்று போதிப்போரும் பலர். ஆனால், ஒருமுறை கைநழுவிய நல்வழக்கத்திற்கு மனிதன் திரும்பி வருவது எப்படி என்ற வினாவை நம்மிடையே அறம் பேசுவோர் அதிகம் எழுப்புவதில்லை. விடாதவனை அவர்கள் போற்றுகிறார்கள், விட்டவனைக் கண்டிக்கிறார்கள், திரும்பிவர நினைத்து வாசலில் நிற்பவனுக்குச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. எனினும், நம்மிற் பெரும்பாலோர் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த வாசலில் நின்றே கழிக்கிறோம்.

இரவுதோறும் ஒரு மணி நேரம் படித்துவந்த ஆசிரியர் இரண்டாண்டுகளாக நூலைத் தொடவில்லை. சங்கக் கூட்டத்திற்குத் தவறாது சென்ற தொழிலாளி இப்போது அந்தத் தெருவாற் போவதில்லை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் உணவுத் தட்டு மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் மௌனமாக இருக்கின்றன. இவர்களில் ஒருவரும் தாம் விட்டது தீயதென்று கருதி விட்டவரல்லர். நல்லதென்று தெரிந்தும் திரும்ப முடியாமல் நிற்பது ஏன்? அந்தத் திரும்புதலை இலகுவாக்குவது அறமாகுமா, அன்றி ஒழுக்கத்தை மலிவுபடுத்துவதாகுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் நூலில் வழக்கத்தைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதினார். புதிய வழக்கம் வேரூன்றும்வரை ஒரு விதிவிலக்கிற்கும் இடம் கொடுக்கலாகாது என்பது அவருடைய கண்டிப்பான முடிவு. நூலைப் பந்தாகச் சுற்றுகிறவன் ஒருமுறை கைதவறவிட்டாற் பல சுற்றுகள் அவிழ்ந்துபோகும் என்று அவர் உவமை காட்டினார். உவமை அழகானது, கேட்பவன் நெஞ்சில் அது விதைப்பதோ அச்சம். ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நம்புகிறவன், அந்த ஒருநாள் தவறிய மறுகணமே எல்லாவற்றையும் போகவிடுகிறான். தவறு செய்யும் கேட்டைவிடத் தவறைப் பற்றிய நம்பிக்கை செய்யும் கேடு பெரிது.

பிற்கால ஆராய்ச்சி இந்த அச்சத்தைப் பெரிதும் தளர்த்தியிருக்கிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடனாய்வாளரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செயல் வழக்கமாகப் படிவதற்கு ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாட்கள்வரை ஆகலாம் என்று கணித்தது. அதைவிட முக்கியமான முடிவொன்றும் அதில் உண்டு. இடையில் ஒருநாள் தவறியது, வழக்கம் படிந்துவந்த போக்கைக் குறிப்பிடத்தக்க அளவிற் பாதிக்கவில்லை. நூற்பந்து கைதவறியது உண்மை. அவிழ்ந்த சுற்றுகள் மிகச் சிலவே.

ஆயின், ஒருநாள் தவறியவன் மறுநாளே திரும்புவதற்குத் தடையாய் நிற்பது எது? நமது கிராமத்துக் கடையொன்றை எண்ணிப் பாருங்கள். கொப்பியிற் கடன் எழுதிச் சாமான் வாங்கியவன், கடன் சற்று ஏறிவிட்டால், கடைக்காரர் ஒன்றும் சொல்லாதிருந்தாலுங்கூட அந்தக் கடை வாசலைத் தவிர்த்து வேறு தெருவாற் போகிறான். நாள் செல்லச் செல்ல, கடன் ஏறாதபோதிலும், நாணம் ஏறுகிறது. இறுதியில் அவனைத் தடுப்பது கொப்பியிலுள்ள தொகையன்று. இத்தனை நாள் வராமைக்குச் சொல்லவேண்டிய காரணமே. கைவிட்ட நல்வழக்கமும் இப்படித்தான். தவறிய நாட்களை நாம் கடனாகக் கணக்கிடுகிறோம். முழுக்கடனையும் ஒரேயடியாகத் தீர்த்தாலன்றி உள்ளே நுழைய உரிமையில்லை என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். இரண்டாண்டு படியாத ஆசிரியர் இருபது பக்கம் படிக்கத் துணிவதில்லை. இருநூறு நூல்களின் நிலுவை அவர் கண்முன் நிற்கிறது.

இந்தக் கணக்கு முறையே பிழையானது. படியாத நாட்கள் கடனல்ல, கழிந்த நாட்கள். அவற்றை எவரும் திருப்பிக் கொடுக்க முடியாது. திருப்பிக் கேட்பாரும் இல்லை. இன்றைய இருபது பக்கம் இன்றைக்கே உரியது.

மனவுறுதி ஒன்றையே பேசுவோர் காணாத வேறோர் உண்மையும் உண்டு. வழக்கம் மனிதனின் நெஞ்சில் மட்டும் வாழ்வதில்லை. பாதையிலும் பாலத்திலும், விளக்கிலும் வேலைநேரத்திலும் அது வாழ்கிறது. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடந்து, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரமான எழுவான்கரையிலே பட்டினமும் பெரிய பாடசாலைகளும் வைத்தியசாலையும். மேற்கே படுவான்கரையிலே வயலும் உழைப்பும். மண்முனையிற் பாலம் திறக்கப்பட்ட 2014ஆம் ஆண்டுவரை, அத்துறையில் வாவியைக் கடக்க விரும்பியவன், மட்டக்களப்பார் 'பாதை' என்று வழங்கும் மிதவைக்காகக் கரையிற் காத்திருந்தான். போர்க்காலத்திலோ, இருகரையும் இருவேறு ஆயுதங்களின் ஆட்சியிற் கிடந்தன. 2007இல் கிழக்கின் போர் முடியும்வரை வாவியைக் கடப்பதென்பது சோதனைச் சாவடியைக் கடப்பதாகவே இருந்தது. இந்த நிலையிற் படுவான்கரை இளைஞன் ஒருவன் பட்டினத்து நூலகத்திற்குப் போகும் வழக்கத்தை விட்டிருந்தால், அவனுடைய மனவுறுதியைக் குறைகூறுவது எத்தகைய அறம்? வழக்கங்களைக் குலைப்பவற்றிற் பாதி மனிதனுக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே, மீளும் வழியிற் பாதியையும் வெளியேதான் அமைக்கவேண்டும்.

இதை நன்கு விளக்குவது மட்டக்களப்புக் கூத்தின் வரலாறு. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துக்களும் இப்பிரதேசத்துக் கிராமங்களில் உழைக்கும் மக்களின் கலையாக வளர்ந்தவை. வேளாண்மை வேலை ஓய்ந்த மாதங்களிலே, அண்ணாவியாரிடம் சட்டம் பெற்று, இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, வட்டக்களரியில் விடியும்வரை ஆடினார்கள். ஆங்கிலக் கல்வி பெற்றோர் இதனை நாட்டுப்புறத்தாரின் கூத்தடிப்பு என்று ஒதுக்கினர். இங்கு ஓர் உண்மையைக் கவனிக்கவேண்டும். கூத்தைக் கைவிட்டவர் கற்றோர். வயலில் நின்றவர் கைவிடவில்லை. அவர்கள் அந்த நெருப்பை அணையாது காத்தபடியாற்றான், பின்னர் கற்றோர் திரும்பி வருவதற்கு ஓரிடம் இருந்தது.

அந்தத் திரும்புதலுக்கு வழி சமைத்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்பன அடுத்த ஆண்டுகளில் வந்தன. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்ற கிராமத்து ஆசான்கள் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினர். மட்டக்களப்பிலிருந்து சென்ற சி. மௌனகுரு, மாணவராக இருந்த அந்நாளில், இராவணனாக ஆடினார். வித்தியானந்தன் செய்த முக்கியமான காரியம், விடியவிடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்திற்குச் சுருக்கியதாகும். அலுவலகத்திலும் கல்லூரியிலும் மறுநாள் வேலையுள்ளவன் இருந்து பார்க்கக்கூடிய அளவுக்கு அது வந்தது.

இது கூத்தா, கூத்தின் நிழலா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு, இன்றும் கேட்கிறார்கள். அவர்களுடைய வினாவிற் பொருளில்லாமல் இல்லை. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. விடியலை நோக்கிச் செல்லும் அந்த மெதுவான நடை போயிற்று. ஆனால், முழுமையான கூத்து ஒருபுறமும் சுருக்கிய கூத்து மறுபுறமும் நின்று, நம்மைத் தெரிவுசெய்யச் சொல்லவில்லை. கற்றோரைப் பொறுத்தவரை, சுருக்கிய கூத்தா, ஒன்றுமே இல்லையா என்பதுதான் வினா. அந்தச் சிறிய வாயிலூடாகப் புகுந்தவர்களிற் பலர் பின்னர் கிராமத்துக் களரியைத் தேடிச் சென்றனர். முழுக்கூத்தின் அருமையை ஆராய்ந்து எழுதினர். குறைந்த அளவில் மீள்வது முழுமைக்கு எதிரியன்று. பெரும்பாலும் அதுவே முழுமைக்குச் செல்லும் ஒரே வழி.

கூத்து இன்னொரு பாடமும் தருகிறது. போர் மூண்டபோது, ஊரடங்குச் சட்டம் இரவைப் பறித்தது. இரவு போனபோது, இரவிரவாக ஆடும் கலை எங்கே நிற்கும்? பல ஊர்களிற் களரி வெறிச்சோடியது. 2000களில், பேராசிரியர் சி. ஜெயசங்கரும் தோழர்களும் சீலாமுனைக் கிராம மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்க முயற்சியில் இறங்கினர். பழைய கூத்தை அப்படியே எடுத்து வைப்பது அவர்களின் நோக்கமன்று. கதையிலுள்ள சாதி இழிவையும் பெண் இழிவையும் கிராமத்தவரே கூடியிருந்து விவாதித்து, எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர்களின் கொள்கை. மீளுதல் என்றால் பின்னோக்கி நடத்தல் அன்று என்பதற்கு இதுவே சான்று. பழைய நல்வழக்கம் பழைய தீமைகளோடு பின்னிக்கிடந்திருக்கலாம். போடியார் முன்வரிசையிலும் முல்லைக்காரர் மண்ணிலும் இருந்து பார்த்த களரிக்கு அல்ல, எல்லோரும் சமமாக இருந்து பார்க்கும் களரிக்கே நாம் திரும்ப விரும்புகிறோம். இடைவெளி நமக்கு அளித்த ஒரே நன்மை அதுதான்: விட்டதை மீண்டும் எடுக்கும்போது, எதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுக்கலாம்.

இனி, ஆசிரிய நண்பர்கள் நாள்தோறும் எதிர்நோக்கும் ஒரு காட்சி. மாரி மழையில் வெள்ளம் ஊரைச் சூழ்ந்தபோதும், அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆள் போதாதபோதும், படுவான்கரைப் பிள்ளை பாடசாலைக்கு வருவதில்லை. மூன்று வாரம் கழித்து ஒருநாள் அவன் வகுப்பறை வாசலில் நிற்கிறான். இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். அந்த வாசலைக் கடக்க அவன் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால், கட்டணம் ஒன்றை நாம் வாங்காமலில்லை. "இப்போதுதான் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்ததா?" என்ற ஒரு சொல், வகுப்பு முழுவதும் சிரிக்க, அவனிடமிருந்து வாங்கப்படும் கட்டணம். அதைக் கொடுக்க இயலாதவன் மறுநாள் வருவதில்லை. வரவு இடாப்பிலே அவன் பெயருக்கு எதிரே நாம் இடும் குறி அவனுடைய குடும்பத்தின் வறுமையை எழுதுவதில்லை. அவனுடைய குற்றத்தை மட்டுமே எழுதுகிறது. மாறாக, அவனுடைய இருக்கை அவனுக்காகவே இருந்திருந்தால், பக்கத்துப் பிள்ளையின் கொப்பி அவன் கைக்கு வந்திருந்தால், காரணம் கேட்பது வகுப்பு முடிந்தபின் தனியே நடந்திருந்தால், திரும்புதலின் விலை எவ்வளவு குறைந்திருக்கும்! இதற்கு ஒரு சட்டமும் வேண்டாம். ஒரு செலவும் இல்லை. முதற்சொல்லை மட்டும் மாற்றினாற் போதும்.

இதுவரை கூறியது தன்னையன்றிப் பிறரை அதிகம் பாதியாத வழக்கங்களைப் பற்றியது. வழக்கம் முறிந்தபோது இரத்தம் சிந்தியிருந்தால்? எமது வாதத்திற்கு உரைகல் அங்கேதான் இருக்கிறது.

மட்டக்களப்பிலே தமிழரும் முஸ்லிம்களும் வாழும் முறையைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்வது வழக்கம். பிட்டுக்குழலில் மாவும் பூவும் மாறிமாறி வருவதுபோலக் கடலோரத்தில் ஊர்களும் வருகின்றன: காத்தான்குடியை அடுத்து ஆரையம்பதி, மருதமுனையை அடுத்துப் பாண்டிருப்பு, சாய்ந்தமருதை அடுத்துக் காரைதீவு. மொழி ஒன்று, தாய்வழிக் குடிமுறை இருவர்க்கும் பொது, நெல்லும் மீனும் நெசவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயின. இதனைப் பொற்காலமாக வருணிக்க வேண்டியதில்லை. காணியிலும் சந்தையிலும் போட்டி அன்றும் இருந்தது. ஆயினும், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது என்ற எளிய வழக்கம் இருந்தது. போட்டியைக் கலகமாகாமற் காத்தது அதுவே.

1985இல் மூண்ட கலவரங்களில் அது தளர்ந்தது, 1990இல் முறிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில், தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே மாதத்தில் ஏறாவூரில் முஸ்லிம்களும் வீரமுனையில் தமிழரும் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே, இராணுவத்தினர் கொண்டுசென்ற தமிழ்க் கிராமத்தவர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர், குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டனர். அதன்பின் ஊர் எல்லைகள் உண்மையான எல்லைகளாயின. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இரு சமூகத்தவரின் வீடுகளையும் வேறுபாடின்றி அள்ளிச் சென்றபோது, அந்த முதல் நாட்களில் ஒருவருக்கொருவர் சோறும் துணியும் கொடுத்தனர். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மாண்டபோது, மெல்லத் திறந்த கதவுகள் மறுபடியும் சாத்தின.

இங்கே வந்து, 'பழையதைக் கணக்குப் பாராதீர். சிறிதாகத் தொடங்குங்கள்' என்று சொல்வது கொலையுண்டவர்களை இழிவுபடுத்துவதாகாதா? ஆகும், நாம் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் குழப்பினால். நீதியின் கணக்கு வேறு. அயலின் கணக்கு வேறு. துப்பாக்கி தூக்கியவனிடமும், ஆணையிட்டவனிடமும், அவனைக் காத்த அரசிடமும் இயக்கத்திடமும் கேட்கவேண்டிய நீதியின் கணக்கை ஒருபோதும் கிழித்தெறியலாகாது. அதில் ஒரு வரியையும் அழிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், நோன்புப் பெருநாளன்று தட்டோடு வேலியருகே வந்து நிற்கும் பெண்ணிடம் அந்தக் கணக்கைக் கேட்பது எவ்வாறு நீதியாகும்? அவள் எந்தச் சபையிலிருந்து எந்த ஆணையிட்டாள்? அவளைக் குற்றக்கூண்டில் ஏற்றுகின்ற ஒவ்வொரு தடவையும், உண்மையான குற்றவாளி கூண்டிலிருந்து இறங்கிப் போகிறான். மேலும், அயலுறவு திரும்பினாலன்றி நீதியைக் கேட்கும் குரல்கள் ஒன்றுசேரா. காத்தான்குடிக்காகத் தமிழனும் சத்துருக்கொண்டானுக்காக முஸ்லிமும் சேர்ந்து கேட்கும் நாளிலேதான் அந்தக் கேள்விக்கு வலிமை வரும். ஆகவே, அயலுக்கு மீள்வதை இலகுவாக்குவது மறதியன்று. நினைவைத் தாங்குவதற்கு இரண்டு தோள் சேர்ப்பதாகும்.

ஆனால் ஒரு நிபந்தனை. திரும்பி வருமாறு அழைக்கும் உரிமை, இழந்தவனுக்கே முதலில் உண்டு. இழப்பில்லாதவன் இழந்தவனைப் பார்த்து, 'எவ்வளவு காலம் இதையே பேசுவாய்?' என்று கேட்பது மீளும் வழியை இலகுவாக்குவதன்று. தன் வழியை மட்டும் இலகுவாக்கிக்கொள்வது. தன் குற்றத்தால் விட்டவன் திரும்பும்போது, வாசலைத் தாழ்த்துமாறு கேட்கலாகாது. வாசலைத் தாழ்த்துவது உள்ளே இருப்பவனின் கொடை. உள்ளே இருப்பவன் அதைச் செய்யும்போது, அதைக் கோழைத்தனமென்று ஏளனம் செய்யாதிருப்பது சுற்றியிருக்கும் நம் அனைவரதும் கடமை.

திரும்புதல் இலகுவானால் விடுதலும் இலகுவாகிவிடாதா என்று கேட்போர் உளர். விடுகின்ற மனிதன், திரும்பும் வழியைக் கணக்கிட்டு விடுவதில்லை. அவன் களைப்பால் விடுகிறான், வறுமையால் விடுகிறான், அச்சத்தால் விடுகிறான். திரும்பும் வழியை முள்ளால் அடைப்பதால் ஒருவனும் வெளியேறாமல் நிற்கப்போவதில்லை. வெளியேறியவன் வெளியிலேயே நிற்கப்போகிறான். லெனின் 1922இல் எழுதிய குறிப்பொன்றில், உயர்ந்த மலையொன்றில் ஏறுகிறவன் வழி அடைபட்டு, வேறு வழி தேடக் கீழே இறங்க நேரும் நிலையை விவரித்தார். கீழே பத்திரமாக நிற்பவர்கள் அவனைப் பார்த்து எள்ளி நகைக்கிறார்கள். ஏறியவனுக்கு இறக்கம் தோல்வியன்று. மீண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கும் ஆற்றல் இல்லாமையே தோல்வி என்பதுதான் அவர் வற்புறுத்திய கருத்து. ஒரு புரட்சிக்குப் பொருந்தும் இந்த உண்மை, ஒரு மாணவனின் வாசிப்புக்கும் ஓர் ஊரின் உறவுக்கும் பொருந்தாமற் போகுமா?

மட்டக்களப்பு வாவி பாலமீன்மட்டருகேயும் கல்லாற்றருகேயும் கடலோடு சேர்கிறது. கோடையிலே அலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி வெள்ளம் ஏறி வயல்களை மூழ்கடிக்கத் தொடங்கும்போது, மணல்மேட்டின் குறுக்கே மண்வெட்டியால் வாய்க்கால் ஒன்றை வெட்டுவார்கள். முழு மேட்டையும் எவரும் அகற்றுவதில்லை, அகற்றவும் இயலாது. வெட்டவேண்டியது ஒடுங்கிய ஒரு தடம் மட்டுமே. தண்ணீர் அதனூடாக ஓடத் தொடங்கியதும், அந்த ஓட்டமே மணலை அரித்து வாயை அகலமாக்கிவிடும். மேடு எப்படிக் குவிந்தது, யாருடைய பிழையால் குவிந்தது என்று கரையில் நின்று வாதாடினால், வெள்ளம் வயலிலேதான் நிற்கும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் செய்யக்கூடியவை சிறியவை, இன்றே செய்யக்கூடியவை. நின்றுபோன வாசிப்பு வட்டத்தை முப்பது பேருக்காகக் காத்திராமல் மூவரோடு கூட்டலாம். வராமல் நின்ற தோழனுக்குக் காரணம் கேளாது அடுத்த கூட்டத்தின் நாளை மட்டும் சொல்லியனுப்பலாம். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்து கிடக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மைதானத்தில், ஒரே நாடக ஒத்திகையிற் சேர்க்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, திரும்பி வந்து நிற்பவனிடம் நாம் சொல்லும் முதற்சொல் அவன் வராத நாட்களைப் பற்றியதாக இல்லாமல், வந்திருக்கும் நாளைப் பற்றியதாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம்.